கக்கூஸ் தரையும் கீழ்வீட்டுக் கூரையும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் கொத்தனார் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"நீதான் கொத்தனாராச்சே, உன் வேலையைப் பத்திப் பேசு" என்று செயலாளர் அக்கா சொன்னார். பதினொரு வருசம் சித்தாளாகச் சட்டி சுமந்தேன். பிறகு பயிற்சி எடுத்துக் கரண்டி பிடித்தேன். இன்றைக்கு நான் பேசப்போவது கக்கூஸ் தரையைப் பற்றி. சிரிக்காதீங்க. வீடு ரிப்பேர் என்று நாம் கொடுக்கிற உள்கடனில் எவ்வளவு பணம் அந்தத் தரைக்குள் போய் முழுகுகிறது என்று எனக்குத் தெரியும். நான்தானே உடைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். இரண்டு பேருமே நம்ம உறுப்பினர்கள், அதுவும் ஒரே குழு. கீழ்வீட்டில் பிள்ளைகள் படுக்கிற அறையின் மூலையில் கூரை மஞ்சளாகி, அப்புறம் கறுத்து, பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஒரு காண்ட்ராக்டர் வந்தார். சிமெண்டைப் பூசி, பெயிண்ட் அடித்து, 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எட்டு மாசத்தில் அதே இடம் முன்னைவிடப் பெரிதாக விழுந்தது. தலகாணி மேலேயே விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாரக் கூட்டத்தில் சண்டை. "உங்க கக்கூஸ் தண்ணிதான்" என்று ஒருவர், "அது மழைத் தண்ணி" என்று இன்னொருவர். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தா மட்டும் பிள்ளை கையில் வரும். குழுவே கலைந்துவிடும்போல ஆனதும் என்னை அனுப்பினார்கள்.

நான் போனது சித்திரை மாசம். மழை பெய்து எத்தனையோ நாளாச்சு, மூலை மட்டும் ஈரம். அப்போ மழை இல்லை. அடுத்து, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன். விடிந்து பார்த்தால் கோடு அப்படியே இருக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாயும் இல்லை.

மூன்றாவது, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், ஒரு வாளி நீலத் தண்ணீரை பேசினுக்குள் மட்டும் மெதுவாக ஊற்றினேன். கேசரிப் பவுடரும் போடலாம்தான். ஆனால் துருவும் அதே நிறத்தில் இறங்கும், எது எதுவென்று தெரியாது. மறுநாள் காலையில் கீழ்வீட்டுக் கூரையில் நீலம் பூத்திருந்தது. மேல்வீட்டக்காவே ஸ்டூல் போட்டு ஏறி விரலால் தொட்டுப் பார்த்தார். வாக்குவாதம் அதோடு நின்றது. (உடனே நீலம் வரவில்லை என்றால் கசிவே இல்லை என்று நினைக்காதீங்க. இரண்டு மூன்று நாள் பாருங்க.)

உள்ளே என்ன நடந்தது என்றால், மாடிக் கக்கூஸில் பேசினை இறக்கி வைப்பதற்காகக் கூரையையே பள்ளமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் உடைந்த செங்கலும் மணலும் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். பேசின் பீங்கானும் கீழே உள்ள வளைவுக் குழாயும் சேர்கிற இடத்தில் வெறும் சிமெண்ட் அப்பியிருந்தார்கள். அது விரிசல் விட்டுவிட்டது. ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் கொஞ்சம் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தங்கும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது. காசை வைத்துத் தட்டினால் டொக்கு டொக்கு என்று வெறுஞ்சத்தம். உடைத்தால் செங்கலெல்லாம் களியாகி, அந்த நாற்றத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். துருப்பிடித்த கம்பி பருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கம்பி பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும். கீழே இருந்து எத்தனை தடவை பூசினாலும் விழுவது இதனால்தான். அந்த 6,500 ரூபாய் போனதும் இப்படித்தான்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரக் கூரையில் ஃபேன், லைட் இருந்தால் முதலில் அந்த லைனை நிறுத்தணும். கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே கை வைக்கணும். பேசினை எடுத்து, பள்ளத்தைக் காலி செய்து, கழுவிக் காயவிட்டோம். கீழே தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் புதுக் கம்பி கட்டிப் பூசினோம். இங்கே ஒன்று: கம்பி இளைத்திருந்தால் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது, இன்ஜினியரைக் கூப்பிடணும். நான் கூப்பிட்டேன். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொட்டேன்.

பிறகு பள்ளத்துக்குள்ளும் சுவரில் ஒரு அடி உயரத்துக்கும் வாட்டர் ப்ரூஃப் பூச்சு இரண்டு கை. அது காய்ந்ததும் ஓட்டைகளை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டோம். கோடும் இறங்கவில்லை, கீழேயும் ஈரமில்லை. அதற்கப்புறம்தான் பேசினும் டைல்ஸும். தரை வாட்டம் நாலடிக்கு அரை அங்குலத்துக்குக் குறையாமல், தண்ணீர் போகும் ஜாலியைப் பார்த்து இருக்கணும்.

பூச்சு ஆற விட்டது, தண்ணீர் விட்டது எல்லாம் சேர்த்துப் பதினெட்டு நாள். மேலே மாமியாரும் வயசுக்கு வந்த பெண்ணும் இருக்கிறார்கள், எங்கே போவார்கள்? கீழ்வீட்டம்மாதான் தன் வீட்டுக் கக்கூஸ் சாவியைக் கொண்டுவந்து மேல்வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டுப் போனார். தரைக்கு 32,000 ரூபாய் மேல்வீட்டக்கா குழுவில் கடன் எடுத்தார். கூரைப் பூச்சுச் செலவைக் கீழ்வீட்டம்மா ஏற்றுக்கொண்டார்.

இன்னும் இரண்டு விஷயம். வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவாதீங்க. கறையோடு சேர்த்து டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் ஆசிட் தின்றுவிடும், கசிவு அங்கிருந்தும் ஆரம்பிக்கும். ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலக்கவே கூடாது, அதில் வருகிற வாயு மூச்சை அடைக்கும்.

இரண்டாவது, கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. கக்கூஸ், குளியலறை ரிப்பேருக்குக் கடன் கொடுத்தால், மொத்தப் பணத்தையும் வேலையாளிடம் ஒரே தடவையில் கொடுக்க விடாதீங்க. தண்ணீர் கட்டிப் பார்த்து, குழுவில் இரண்டு பேர் அந்தப் பென்சில் கோட்டை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கட்டும். டைல்ஸ் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன செய்தார்கள் என்று நம்மால் பார்க்க முடியாது. ஆம்பளைக் கொத்தனார்கள் கோபித்துக்கொள்வார்கள், "பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். 24 மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன்.

தீர்மானமாகப் போடுவதா என்று தலைவி அக்கா மதியத்துக்கு மேல் உங்களிடம் கேட்பார். சாப்பாட்டு இடைவேளையில் வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் இருப்பேன். கூரையில் ஈரம் இருக்கிறவர்கள் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் கொண்டுவந்து காட்டுங்க.