சொந்த அபிப்பிராயம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். நூல்கள், இந்திப் படங்கள், வீட்டுச் சமையல் ஆகிய மூன்றையும் பற்றிய என் சொந்த அபிப்பிராயங்களைச் சொல்கிறேன் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "ஆய்வுரை மாதிரி ஏதும்..." என்று இழுத்தார். ஆய்வு செய்யும் தகுதி எனக்கில்லை. படித்திருக்கிறேன், படம் பார்த்திருக்கிறேன், நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். இம்மூன்றைப் பற்றியும் பேசும்போது நாம் ஒரே நாக்கைக் கொண்டு பேசுகிறோமா என்னும் ஐயம் சில ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அதை இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நூலிலிருந்து தொடங்குகிறேன். வெறும் அபிப்பிராயம் சொல்வதையே ஓர் இலக்கியப் பணியாகச் செய்தவர் ஒருவர் நம் மண்ணில் பிறந்தார். வலங்கைமானில் 1912-ல் பிறந்த க.நா.சுப்ரமண்யம். இது நல்ல நூல், இது சுமார், இது தேறாது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பட்டியல் போட்டார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கம் பெரும்பாலும் குறைவு. நீங்களே படித்துப் பாருங்கள் என்பதே அவர் நிலை. தம் அறிமுகக் கட்டுரைகளின் தொகுதிக்கே 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயரிட்டவர் அவர். 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பாவுக்கு இந்தப் போக்கு போதவில்லை. ஒரு படைப்பை வரிவரியாகப் பிரித்து, அது எப்படி இயங்குகிறது என்று காட்ட வேண்டும் என்றார். அதற்கு 'அலசல்' என்று பெயர். இருவருக்கும் இடையே நடந்த வாதம் அக்காலத்துச் சிற்றிதழ்ப் பக்கங்களில் கிடக்கிறது. இளம் வயதில் நான் செல்லப்பாவின் பக்கம். காரணம் சொல்லாத தீர்ப்பு திமிர் என்று நினைத்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் நட் ஹாம்சனின் 'நிலவளம்' எனக்குக் கிடைத்தது. நார்வே நாட்டில் ஒரு மனிதன் காட்டைத் திருத்தி நிலமாக்கிக் குடியேறுகிற கதை. மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள எவரும் அலசித் தர வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதர் தமக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, மெனக்கெட்டு மொழிபெயர்த்தும் வைத்ததனால்தான் அது என் கைக்கு வந்தது. 1963-ல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'இலக்கிய வட்டம்' என்றே பெயர். நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் அதே இரு சொற்கள். அவரைப் போல முகத்துக்கு நேரே 'தேறாது' என்று சொன்னவர் இந்தப் பத்தாண்டுகளில் இங்கே எத்தனை பேர்?

சும்மா கேட்டுவிட்டுப் போகாமல் என் பங்குக்கு ஒன்று வைக்கிறேன். கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும். தி.ஜானகிராமனின் 'மோகமுள்' நூறு பக்கமாவது குறைந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சுதேசமித்திரனில் தொடராக வந்தது அது. வாரந்தோறும் காவிரிக் கரையில் நடக்கவிட்டால் எந்த எழுத்தாளரும் சற்று அதிகமாகவே நடப்பார். அவருடைய சிறுகதைகளில் அந்தச் சதை இல்லை. முன்வரிசையில் இருவர் தலையசைத்து மறுப்பது தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி இந்திப் படம். 1965-ல் இந்தியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்த தமிழ்நாட்டில், நான்கே ஆண்டுகள் கழித்து வந்த 'ஆராதனா'வின் பாட்டுகளை முணுமுணுக்காத கல்லூரி விடுதி இருந்திருக்காது. இதில் முரண்பாடு கண்டு நகைப்பவர்கள் உண்டு. எனக்கு நகைப்பு வரவில்லை. ஆட்சி மொழியாக வருவதும் எஸ்.டி.பர்மன் மெட்டாக வருவதும் வெவ்வேறு வாசல்கள். அது இருக்கட்டும். இந்திப் படம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன் 1948-ல் 'சந்திரலேகா'வைத் தமிழில் வெளியிட்ட கையோடு இந்தியிலும் வெளியிட்டு வடநாட்டை வாய்பிளக்க வைத்தார். அந்த முரசு நடனம் எனக்குச் சலிப்புத் தட்டுகிறது என்பதையும் இதோ சொல்லிவிடுகிறேன்.

நான் கவனித்தது இதுதான். மொழியே தெரியாமல் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன், கொட்டகை வாசலில் சைக்கிளை எடுப்பதற்குள் தீர்ப்பு வழங்கிவிடுகிறான். இரண்டாம் பாதி இழுவை, அந்தப் பெண் நன்றாகச் செய்தாள், சண்டை மோசம். எவருக்கும் அஞ்சுவதில்லை. அதே மனிதன் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கூட்டத்துக்கு வந்து, தன் தாய்மொழியில் எழுதப்பட்ட பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்றைக் கேட்டுவிட்டு, "அருமை" என்கிறான். அடுத்ததற்கும் அருமை. அதற்கடுத்ததற்கு "மிக அருமை."

கவிஞர்கள் கூடியிருக்கும் இடத்தில் குரு தத்தின் 'பியாஸா'வைச் சொல்லாமல் போக முடியாது. 1957-ல் வந்த படம். விஜய் என்னும் கவிஞனின் கையெழுத்துப் பிரதிகளை அவன் அண்ணன்மார் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தாய் அவனுக்குச் சோறு போடுவதற்கும் அவர்களிடம் ஏச்சு. கடையில் கிடந்த அந்தக் கட்டை வாங்குகிறவள் குலாபோ என்னும் விலைமகள். எழுதியவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. பிடித்திருந்தது, வாங்கினாள். பிறகு அவன் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பி, நூல் அச்சாகி, புகழ் பரவி, நினைவு விழா நடக்கிறது. அவனை விரட்டியவர்களே அந்த மேடையில் அவனைப் போற்றுகிறார்கள். படத்தை முதலில் பார்த்தபோது ஏழைக் கவிஞனுக்காகக் கண் கலங்கினேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த மண்டபத்தில் கைதட்டுகிற கூட்டத்தில் என் முகத்தைத் தேடினேன். அந்தக் கதையில் கவிதையைப் பற்றி நேர்மையான அபிப்பிராயம் சொன்னவள் குலாபோ ஒருத்திதான். அதையும் அவள் காசு கொடுத்துச் சொன்னாள். (சாகிர் லூதியான்வியின் பாட்டுகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்று நேரமில்லை.)

இன்னொரு படம், சமையலுக்கு நம்மை இட்டுச் செல்வது. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'பாவர்ச்சி', 1972. தபன் சின்ஹாவின் வங்கப் படம் ஒன்றைத் தழுவியது. 'சாந்தி நிவாஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஓயாமல் சண்டையிடும் கூட்டுக் குடும்பம். எந்தச் சமையல்காரனும் நிலைப்பதில்லை. ராஜேஷ் கன்னா சமையல்காரனாக வந்து எல்லோரையும் சேர்த்து வைக்கிறார். வீட்டுப் பெரியவராக நடித்தவர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயா. சரோஜினி நாயுடுவின் தம்பி. அவரும் கவிஞர் என்பதால் நம் வட்டத்தார் அவருக்காகவே ஒருமுறை பார்க்கலாம். இந்தக் கதையே 1974-ல் மு.க.முத்து நடிக்கச் 'சமையல்காரன்' என்று தமிழுக்கு வந்தது. எனக்கு இந்திப் படம் பிடிக்கும், ஒரு குறையோடு. புதிதாக வந்த ஆண்பிள்ளை சமைத்ததும் வீடே தட்டைச் சுற்றி உட்கார்ந்து புகழ்கிறது. அதுவரை அந்த அடுப்படியில் புகை தின்ற பெண்களின் கைமணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்கும் முறை ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலையில் இங்கே கூட்டம். இளைஞர் ஒருவர் கவிதை வாசித்தார். கருத்துக் கேட்டார்கள். "அருமையாக வந்திருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள்" என்றேன். இரவு வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தேன். மணத்தக்காளி வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். முதல் கவளத்திலேயே, "உப்பு ஒரு கல் கூட, புளி சரியாகச் சுண்டவில்லை" என்றேன். முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வகை அபிப்பிராயம்தான். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க கூட்டத்துல எவர்கிட்டயாவது ஒரு நாள் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "எனக்கும் அபிப்பிராயம் உண்டு, யாரும் கேட்டதில்லை" என்றார்.

கேட்டேன். அன்று கேட்டதில் எனக்குக் கிடைத்த செய்தி, அவருக்கு வற்றல் குழம்பே பிடிக்காது என்பது. நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர். மீன் குழம்புதான் அவருக்குக் குழம்பு. திருமணமாகி வந்த நாள் முதல் என் தாயாரின் கைப்பக்குவத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951) எங்கள் வீட்டு அலமாரியில் அட்டை கிழிந்து இருக்கிறது. வீட்டை விட்டுத் தொலைவில் குடித்தனம் வைத்த பெண்களுக்குத் தாயின் இடத்தில் நின்ற நூல் அது. எவ்வளவு புளி, எவ்வளவு மிளகாய் என்று கணக்காகச் சொல்லும் நூல். அதில் மீன் கிடையாது. சரஸ்வதி மகால் நூலகம் வெளியிட்ட 'சரபேந்திர பாக சாஸ்திரம்' அரண்மனை அடுப்படியைச் சொல்கிறது. ஏட்டில் ஏறிய ருசி எல்லாமே ஏதோ ஒரு வீட்டின் ருசி. மற்ற வீடுகள் ஏட்டுக்கு வெளியே நின்றன.

நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதை அடுப்படியோடு நிறுத்திவிட முடியாது. 1960-களின் நடுவில் 'ஆடுதுறை 27' என்னும் குறுகிய காலக் குறுவை நெல் வந்தது. ஜப்பானிய ரகத்தோடு நம் நாட்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கியது. என் தந்தையார் அந்தச் சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நெல்லா?" என்றார். அவருக்குக் கிச்சிலிச் சம்பாதான் சோறு. எங்கள் வயலில் வேலை செய்த பெரியவரிடம் அந்த அரிசி எப்படியிருக்கிறது என்று, சிறுவனான நான், கேட்டேன். "கூலியா குடுத்தாத்தானே தம்பி தெரியும்" என்றார். அப்போது எனக்கு அது வேடிக்கையான பதிலாகப் பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்தப் பதில் வேடிக்கையாக இல்லை. பழைய ரகங்களைத் தேடித் தேடி மீட்ட திருத்துறைப்பூண்டி 'நெல்' ஜெயராமன் 2018-ல் மறைந்தார். அவர் மீட்டுத் தந்த மாப்பிள்ளைச் சம்பாவை இன்று விலை கொடுத்து வாங்கி உண்டு, என் தந்தையார் சொன்னது சரிதான் என்கிறேன். சரிதான். ஆனால் ருசி பார்த்துச் சொல்லும் வாய்ப்பு அன்று ஊரில் எத்தனை வாய்களுக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. நம் பகுதி எழுத்தில் காப்பி மணமும் வெற்றிலை மணமும் நிறைய. வயல் நண்டுக் குழம்பின் மணம் மிகக் குறைவு. இதுவும் என் அபிப்பிராயந்தான். பட்டியல் போட்டு மறுப்பவர் இருந்தால் பட்டியலை எனக்குத் தாருங்கள், படிக்கிறேன்.

உப்பைப் பற்றி நான் அவ்வளவு தாராளமாகப் பேசியதற்குக் காரணம், திரும்பி எவரும் பேசமாட்டார் என்பது. கவிதையைப் பற்றிப் பேசாமலிருந்ததற்குக் காரணம், அவர் திரும்பிப் பேசுவார், அடுத்த மாதம் என் கவிதைக்கும் ஒன்று வைப்பார் என்பது. இரண்டும் ஒரே கோழைத்தனத்தின் இரு கைகள். அந்த இளைஞர் பிறகு ஓராண்டு கூட்டத்துக்கு வரவில்லை. தற்செயலாகப் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "எல்லாருக்கும் அருமைன்னுதானே சொல்றீங்க ஐயா, நான் வந்து என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவர் இன்று வந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடு அந்தக் கவிதையைக் கையில் கொண்டுவந்திருக்கிறேன். முன்னே இருப்பவர்கள் இந்தத் தாளைப் பார்க்கலாம். கடைமடை வயல் ஒன்றைப் பற்றியது. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு கிழவர் வாய்க்காலில் இறங்கி, வெறுங்காலால் மண்ணை அழுத்தி, ஈரம் தெரிகிறதா என்று பார்க்கிறார். எட்டு வரிகள். நம் வட்டத்தில் வாசிக்கப்பட்டவற்றுள் இவ்வளவு சரியாக ஒரு காலைச் சொன்ன எட்டு வரிகள் வேறில்லை. அதன் பிறகு நான்கு வரிகள் உள்ளன. அவற்றில் உழவனைக் காக்கும்படி நாட்டுக்கு அறிவுரை வருகிறது. அந்த நான்கும் வேண்டாம். கிழவரின் கால் மண்ணில் இருக்கும்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அன்று மாலையே இது எனக்குத் தோன்றியது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் வற்றல் குழம்பைக் குறை சொன்னேன்.

அவர் மறுப்பார் என்று தெரிகிறது. அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.