நினைவு நெடுந்தூரம் செல்லும்
(விழாவில் ஆற்றிய உரை)



மறைந்தோரைப் போற்றும் முறை பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன். நம் இல்லங்களில் மாலையிட்ட படம் ஒன்றேனும் இருக்கும். ஆண்டுக்கொரு முறை அதன்முன் விளக்கேற்றுகின்றோம். அந்நினைவு பிறர் நோய் தீர்க்கும் செயலாக மாறினால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு சான்று காட்டுகின்றேன்.

பில்லி ஸ்டார் என்பாரின் அன்னை 1974ஆம் ஆண்டில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால் காலமானார். இளம் வயதில் தாயை இழந்த அவர், 1980இல் நண்பர்களைத் திரட்டி ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். 36 பேர் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கடற்கரை ஊராகிய ப்ராவின்ஸ்டவுன் வரை சென்றனர். அவர்கள் திரட்டிய தொகை 10,200 டாலர். பாஸ்டன் நகரின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தின் பணிக்கு அது அளிக்கப்பெற்றது.

'பான்-மாஸ் சேலஞ்ச்' என்னும் பெயரில் அப்பயணம் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுகின்றது. இன்று பல்லாயிரவர் பங்கேற்கின்றனர். இதுவரை வழங்கிய மொத்தத் தொகை 100 கோடி டாலரைக் கடந்துவிட்டது. பலர் தாம் இழந்த உறவினரின் படத்தைச் சட்டையில் தாங்கிச் செல்கின்றனர். நோயிலிருந்து மீண்டோரும் உடன் செல்கின்றனர். வண்டி ஓட்ட இயலாதோர் வழியெங்கும் நின்று நீரும் உணவும் வழங்குகின்றனர்.

பணத்தைத் தந்துவிட்டு வீட்டிலிருக்கலாமே, எதற்கு இவ்வளவு உடல் வருத்தம் என்று சிலர் வினவக்கூடும். வெறுங்கையுடன் உதவி கேட்க நமக்குக் கூச்சம் உண்டு. 'என் தாயின் பெயரால் இரண்டு நாள் வண்டி ஓட்டப் போகின்றேன்' என்று கூறும்போது அக்கூச்சம் அகலுகின்றது. கேட்பவரும் தம் வீட்டில் இழந்த ஒருவரை நினைத்துக்கொள்கின்றார். துயரத்தைத் தனியே சுமந்தவர், அதே துயரமுடையோர் நடுவே தம்மைக் காண்கின்றார்.

அங்குள்ள கண்டிப்பும் நாம் அறியத்தக்கது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் குறித்த தொகையைத் திரட்ட உறுதியளிக்க வேண்டும். குறைந்தால் தம் கைப்பொருளால் ஈடுசெய்ய வேண்டும். அவர்கள் திரட்டும் பணம் முழுவதும் நிறுவனத்தைச் சேர்கின்றது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் ஆதரவாளர் உதவியும் ஏற்கின்றன. கொடுத்தவருக்குக் கணக்கில் ஐயம் எழாதபோதே அறம் ஆண்டாண்டாய் நிலைக்கின்றது.

அந்த அன்னையைக் கொண்டு சென்ற நோய் முற்றியபின், ஆயுளை நீட்டித்துத் தரும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து அன்று இல்லை. டானா-ஃபார்பர் மருத்துவர் ஒருவரின் தலைமையில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. இபிலிமுமாப் என்னும் மருந்து அத்தகைய நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கின்றது என அது காட்டியது. மறு ஆண்டே அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. எவர் தந்த காசு எந்த ஆய்வுக்கு உதவிற்று எனப் பிரித்துக் காட்டுதல் அரிது. ஆயினும், தம் தாய்க்குக் கிட்டாதது பிறர் தாய்க்குக் கிட்ட வேண்டுமென உழைத்தவர்களின் விருப்பம் வீண்போகவில்லை.

நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. ஆதலின் இவ்வழி நமக்குப் புதிதன்று. நினைவு நாள் வரும்போது குடும்பத்தார் கூடி ஒரு நோயை, ஒரு மருத்துவமனையைத் தேர்ந்துகொள்ளலாம். இளைஞர் வண்டி ஓட்டட்டும், முதியோர் நடக்கட்டும், சிறுவர் நீர் வழங்கட்டும். திரட்டியதையும் கொடுத்ததையும் அடுத்த ஆண்டு இம்மலரிலேயே கணக்காக வெளியிடலாம். 36 பேரைச் சேர்ப்பது நம் குடும்பங்களுக்கு அரிதன்று.