கடைசி மெற்றோ போன பிறகு

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரிலே சைக்கிள் கடை வைத்திருந்தவன். இங்கே இருபத்தேழு வருடம் றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, கடைசியில் சமையலும் செய்து, இப்போது ஓய்வில் இருக்கிறவன். செயலாளர் தம்பி வந்து, "மாமா, கரண்டில ஓடுற சைக்கிளைப் பற்றி ஒருக்காக் கதையுங்கோ. பெடியள் எல்லாம் உங்களிட்டைத்தானே கொண்டு வாறாங்கள்" என்று கேட்டார். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பேச்சுக்கு நடுவிலே சொல்கிறேன்.

இங்கே வரும் வழியில் லாச்சப்பலில் இறங்கி, போபூர் சென் தெனி வீதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரிசையாக விட்டிருந்த வாகனங்களை எண்ணினேன். பதினேழு. அதிலே வெறும் காலால் மிதிக்கிற சைக்கிள் நாலுதான். மற்றதெல்லாம் பற்றறி வைத்த சைக்கிளும், நின்றபடி ஓடுகிற துறொத்தினெற்றும். முருங்கைக்காய் வாங்க வந்தவரும் அதிலேதான், கடைக்குச் சாமான் இறக்குகிற பெடியனும் அதிலேதான்.

நான் 1992 இல் வந்தபோது எங்களுக்கு இரவு என்றாலே பயம். பொலிசுக்குப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடைசி மெற்றோவுக்குத்தான் கூடுதல் பயம். மொன்பார்ணாஸ் பக்கம் எனக்கு வேலை. கடைசி மேசைக்காரர் எழும்பிப் போக மட்டும் காத்திருந்து, சட்டி பானை கழுவி, நிலம் துடைத்து வெளியே வந்தால் மெற்றோவின் இரும்புக் கதவு சாத்தியிருக்கும். சாத்தலேயில் இருந்து வெளிக்கிடும் நொக்தாம்பூஸ் என்கிற இரவு பஸ் ஒன்று அப்போது இருந்தது. அதைத் தவற விட்டால் நடைதான். மொன்பார்ணாசில் இருந்து லாச்சப்பலுக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல். பனிக்காலத்தில் சப்பாத்துக்குள் தண்ணீர் ஊறி, அறைக்கு வந்து படுக்கும்போது விடியப் போகும். இங்கே முன்வரிசையில் இருக்கிற பலருக்கு அந்த நடை தெரியும்.

சைக்கிள் கடைக்காரன் ஏன் சைக்கிள் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கினேன். இரண்டு தரம் களவு போனது. மூன்றாவது தரம் வாங்க மனம் வரவில்லை.

எங்கள் சனத்துக்குச் சைக்கிள் படிப்பிக்கத் தேவையில்லை. என்னுடைய கடை சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட. 1990 ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு பெற்றோல் வராது, ரோச் பற்றறி வராது, மின்சாரமும் இல்லை. மின்சார நிலையம் இருந்த சுன்னாகத்திலேயே ஜாம் போத்தல் விளக்கு. மோட்டார் சைக்கிளைத் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம், புகையோ புகை. அப்போது என் கடையில் மிகக் கூடுதலாக விலைப்பட்டது டைனமோதான். வெளிச்சத்துக்கு அல்ல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் வருகிற 6 வோல்ற்றில் றேடியோவைப் போட்டு பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி விழுங்கிப் போகும். பிறகு 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, என் அண்ணன் அம்மாவைக் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலத்தாலே உருட்டிக்கொண்டு போனார். நான் அப்போது இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மிதிக்கிற காலில் இருந்து கரண்ட் எடுத்த ஆட்கள் நாங்கள். இன்றைக்குக் கரண்டில் இருந்து மிதிப்பு எடுக்கிறோம். இதையும் புதுமை என்று சொல்ல ஏலாது. ஈயமும் அசிற்றும் வைத்து, திருப்பித் திருப்பிச் சார்ஜ் பண்ணக்கூடிய பற்றறியை 1859 இல் கண்டுபிடித்த பிளான்ரே என்பவர் பிரெஞ்சுக்காரர். 1881 இல் துறூவே என்பவர் இதே பாரிஸ் தெருவில் மின்சாரத்தில் ஓடுகிற மூன்று சில்லுச் சைக்கிளை ஓட்டிக் காட்டினார். 1899 இல் பாரிசுக்குக் கிட்ட அஷேர் என்ற இடத்தில் ஜெனாற்சி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டினார், அதுவும் மின்சாரக் கார். பெற்றோல் மலிந்தது, எல்லாம் மறந்து போயிற்று.

பிறகு 2007 ஆடி 15 இல் வெலிப் வந்தது. மூலைக்கு மூலை சைக்கிள். ஆனால் எடுக்கிறதென்றால் அப்போது வங்கி அட்டையில் 150 யூரோ பிணை வேண்டியிருந்தது. விசா இல்லாத பெடியனிடம் எங்கே அந்த அட்டை? 2011 இல் வந்த ஓட்டோலிப் மின்சாரக் காருக்கு லைசென்ஸ் வேண்டும். அதுவும் 2018 ஆடியோடு நின்றது. அந்த 2018 இல்தான் வெலிப்பில் மின்சாரச் சைக்கிளும் சேர்ந்தது, வாடகைத் துறொத்தினெற்றும் தெருவுக்கு வந்தது. துறொத்தினெற்றை வைத்திருப்பதா வேண்டாமா என்று 2023 சித்திரை 2 ஆம் திகதி பாரிசில் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 89 பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்குப் போட வந்தது வாக்காளரில் நூற்றுக்கு ஏழரைப் பேரும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து அதிலே வீட்டுக்குப் போன எங்கள் பெடியளில் அகதிக் கார்ட் மட்டும் வைத்திருந்தவனுக்கு வாக்கே கிடையாது. ஆவணி முடிவோடு வாடகைத் துறொத்தினெற் நின்றது. சொந்தமாக வைத்திருக்கத் தடை இல்லை.

என்னைக் கேட்டால் நான் சைக்கிள் பக்கம். துறொத்தினெற்றின் சில்லு சின்னன். கல்லுப் பதித்த தெருவில் ஒரு குழி காணும், பல்லுப் போவதற்கு. சைக்கிளுக்கு 250 வாட்ஸ் மோட்டர் என்று சட்டம். ஒரு சாதாரண ஆள் நெடுநேரம் மிதித்தால் 75, 100 வாட்ஸ்தான் கொடுப்பான். ஆகவே இரண்டு ஆட்களுக்கு மேல் பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி. மிதித்தால் மட்டும்தான் தள்ளும். 25 கிலோமீற்றர் வேகத்தில் தானாக விட்டுவிடும். பற்றறி 36 வோல்ற், 13 அம்பியர் மணி என்று இருந்தால் ஏறக்குறைய அரை யூனிற் கரண்ட். யூனிற் இருபது சதம் என்று வைத்தாலும் ஒரு தரம் நிரப்பப் பத்துச் சதம். அதிலே நாற்பது கிலோமீற்றர் ஓடலாம்.

இங்கே ஒரு தங்கச்சி இருக்கிறா, பெயர் சொல்லவில்லை, கந்தோர் துடைக்கிற வேலை. காலை ஐந்து மணிக்கு அங்கே நிற்கவேண்டும். முதல் மெற்றோவே ஐந்தரைக்குத்தான். முன்பு வெள்ளெனவே எழும்பி நடந்தவ, இப்போது மின்சாரச் சைக்கிளில் இருபது நிமிடத்தில் போகிறா. "மாமா, ஒரு மணித்தியால நித்திரை கிடைச்சிருக்கு" என்றா. நான் படித்த பொருளாதாரம் இவ்வளவுதான்.

இனி நான் வரமாட்டேன் என்று சொன்னதன் காரணம்.

2021 மாரி. என் தங்கச்சியின் மகன் எங்களோடு இருந்தான், இரவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கை மாறி வந்த ஒரு மின்சாரச் சைக்கிள். அதன் சார்ஜர் பழுதாகி விட்டது. நான் என்ன செய்தேன்? என் பழஞ்சாமான் பெட்டியில் ஒரு சார்ஜர் கிடந்தது. முனை சரியாகப் பொருந்தியது, பச்சை லைற்றும் பத்தியது. "இந்தா, இதைப் போடு" என்று கொடுத்தேன். நாற்பது வருடம் சைக்கிளோடு கிடந்தவன் என்ற திமிர்.

அவனுடைய பற்றறி 36 வோல்ற். அது நிரம்பும்போது 42 வோல்ற்றில் நிற்கவேண்டும். நான் கொடுத்தது 48 வோல்ற் பற்றறியின் சார்ஜர், அது 54.6 மட்டும் தள்ளும். இரண்டுக்கும் முனை ஒன்றாக இருக்கும், அதுதான் வில்லங்கம். நல்ல பற்றறி என்றால் உள்ளே இருக்கிற காவல் பலகை வெட்டி விடும். மலிவுப் பற்றறியில் அதை நம்ப ஏலாது.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் இரவு மூன்று மணி இருக்கும். மனைவி தண்ணீர் குடிக்க எழும்பினவ, "என்னப்பா நகப்பூச்சு மாதிரி மணக்குது" என்றா. வாசல் கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துத் தட்டுக்குக் கீழேதான் சார்ஜ் போட்டிருந்தான். நான் போய்ப் பார்க்கவும் சீன வெடி மாதிரி டப் டப் என்று வெடித்துச் சீறினது. கம்பளியால் மூடப் பார்த்தேன். மூட மூட உள்ளுக்குள்ளே எரிந்தது. அந்த வகைப் பற்றறி சூடேறினால் தீக்கு வேண்டிய ஒட்சிசனில் ஒரு பங்கைத் தானே விடும் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். வெளியே போக இருந்த ஒரே கதவு அந்த நெருப்புக்கு அந்தப் பக்கம். நாலாம் மாடி. எல்லோரையும் குசினிக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, கீழே ஈரத் துவாயை அடைத்துப்போட்டு 18 க்கு அடித்தோம். பொம்பியே ஏணி வைத்து யன்னலால் இறக்கினார்கள். பேத்திக்கு அப்போது ஏழு வயது. புகை குடித்ததற்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அம்மாவின் படம் அந்த நடைபாதைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. ஊரில் இருந்து வந்த ஒரே படம்.

மருமகன் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவன் சொல்லாததுதான் எனக்குக் கஷ்டம். சங்கத்தில் இதை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

இதனால் பயந்து விற்றுப்போடுங்கோ என்று சொல்ல வரவில்லை. அவனே இப்போது வேறு சைக்கிள் வைத்திருக்கிறான். பற்றறியிலும் சார்ஜரிலும் பொடி எழுத்தில் இருக்கிறதைப் படியுங்கோ. பற்றறி 36 என்றால் சார்ஜர் 42, பற்றறி 48 என்றால் சார்ஜர் 54.6. கண் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. வாசலில் போடாதீர்கள், நித்திரைக்குப் போகும்போது போடாதீர்கள். ஒரு அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற இடத்தில் இது கஷ்டம், தெரியும். முழித்திருக்கிற நேரத்தில் குசினி நிலத்தில் வைத்துப் போடலாம். விழுந்தது, வீங்கினது, மழைத் தண்ணீர் உள்ளே போனது எதையும் திரும்பப் போடக் கூடாது. குப்பைத் தொட்டிக்குள்ளும் எறிய வேண்டாம், பற்றறி விற்கிற கடைகள் பழசைக் காசில்லாமல் எடுக்கவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். புகை வந்தால் கம்பளி தேடாமல் கதவைச் சாத்திப்போட்டு வெளியே வந்து 18 அல்லது 112.

சட்டம் என்றபடியால் இன்னும் கொஞ்சம். பெடியள் வந்து, "மாமா, 25 ஐ 45 ஆக்கித் தாங்கோ" என்கிறார்கள். நான் செய்யமாட்டேன். சைக்கிளின் வேகத்தை அப்படித் திறந்து விடுகிறதற்கு ஒரு வருடச் சிறையும் 30,000 யூரோ தண்டமும் மட்டும் போகலாம். கார்ட் புதுப்பிக்கப் போகிறவனுக்கு இது விளையாட்டா? துறொத்தினெற் என்றால் அசூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஒருவரை இடித்தால், அவருக்கு முதலில் நிதியம் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் சம்பளத்தில் வருடக் கணக்காக வாங்கும். இரண்டு பேர் ஏறினால் 135 யூரோ. தெரு ஓரத்தில் அரை விலைக்கு நீட்டுகிற சைக்கிளும் வேண்டாம். 2021 இல் இருந்து கடையில் விற்கிற புதுச் சைக்கிளின் சட்டத்தில் ஒரு இலக்கம் பதித்திருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் அது யாரோ ஒருவரின் கண்ணீர், பிடிபட்டால் களவுப் பொருள் வாங்கின வழக்கு உங்களுக்கு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மெற்றோ அட்டைக்குப் பாதிக் காசு முதலாளி தரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெலிப் சந்தாவுக்கும் அதே மாதிரிப் பாதி தரவேண்டும். ஆனால் ஒரே பயணத்துக்கு என்றால் இரண்டில் ஒன்றுக்குத்தான். சம்பளச் சீட்டைப் பாருங்கோ, இல்லாவிட்டால் கேளுங்கோ. கேட்கிறதற்கு வெட்கப்பட்டே எங்கள் தலைமுறை எத்தனை காசை விட்டது.

வருடப்பிறப்பு கழிந்து வருகிற சனிக்கிழமை பின்னேரம் இந்த மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, வோல்ற் அளக்கிற மீற்றரோடு இருப்பேன். பற்றறியோடு சார்ஜரையும் மறக்காமல் கொண்டு வாங்கோ. பிறேக்கும் பார்த்துத் தருவேன், காசு வேண்டாம், பலகாரம் கொண்டு வந்தால் சாப்பிடுவேன். என்னுடைய பெட்டியில் இருந்து மட்டும் ஒருவருக்கும் சார்ஜர் தரமாட்டேன்.