பூர்வம் என்னும் பேரெண்

(காத்திவாக்கத்தில் திருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்கும் நம் இல்லத்துச் சிறுவர் வினவுவது ஒன்றுண்டு. "விருஷபதேவரின் ஆயுள் 84 இலட்சம் பூர்வம் என்கிறீர்களே, இது கணக்கா, வெறும் புகழுரையா?" நாம் பெரும்பாலும் அதட்டி அடக்கிவிடுகிறோம். அடக்கப்பட்ட பிள்ளை மறுமுறை கேட்பதில்லை, நம்புவதும் இல்லை. ஆதலின் இன்று கணக்காலேயே விடை கூற முயல்கிறேன்.

84 இலட்சம் ஆண்டுகள் ஒரு பூர்வாங்கம். 84 இலட்சம் பூர்வாங்கம் ஒரு பூர்வம். பெருக்கினால் 70,56,000 கோடி ஆண்டுகள். அதாவது 7056-ஐ எழுதிப் பத்துச் சுழி இட்ட எண். நம் முன்னோர் எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகைப்படுத்தினர். பூர்வம் முதல் வகையினது, எண்ணத்தக்கது. ஆகவே பள்ளிப் பிள்ளையும் அதனைப் பகுத்தறியலாம்.

84 இலட்சத்தைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஏழு முறையும், 3 ஒரு முறையும், 5 ஐந்து முறையும், 7 ஒரு முறையும் வரும். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 8 × 2 × 6 × 2 = 192. அதன் காரணிகள் இத்தனை. பூர்வத்தில் அம்முறைகள் இருமடங்காதலின் 15 × 3 × 11 × 3 = 1485 காரணிகள். இத்தொகை ஒற்றைப்படை. பூர்வம் முழு வர்க்கம் ஆதலின், ஏனைய காரணிகள் இணை இணையாய் அமைய, 84 இலட்சம் மட்டும் தனக்குத் தானே இணையாகிறது. எண்ணைப் பாதி பாதியாக்கிக் காணும் அர்த்தச்சேதக் கணக்கை வீரசேனர் தவளா உரையில் கையாண்டார். அவ்வாறு பாதியாக்கினால், பூர்வம் 14 முறைக்குப் பின் ஒற்றை எண்ணாக நிற்கும்.

இக்கடற்கரையின் தெற்கே, சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் எழுத்தராய்ப் பணியேற்றவர் இராமானுஜன். தன்னிற் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான காரணிகள் உடைய எண்களை அவர் 1915-இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். நம் 84 இலட்சம் அவ்வகையில் இடம்பெறுமா? பெறாது. 7,20,720 அதனினும் மிகச் சிறியது. அதற்கோ 240 காரணிகள். அவ்வகை எண்ணில் சிறிய பகா எண், பெரியதனினும் குறைந்த முறை வரலாகாது. இங்கோ 3 ஒரு முறை, 5 ஐந்து முறை. அவ்விரண்டையும் இடம் மாற்றினால் 10,88,640 என்னும் சிறிய எண்ணே அதே 192 காரணிகளைத் தந்துவிடும்.

இதனால் நம் மரபுக்கு இழுக்கு உண்டோ? இல்லை. வர்க்கம் என்னும் நயத்தில் பூர்வம் சிறப்புடையது. காரணி மிகுதி என்னும் நயத்தில் 84 இலட்சம் பின்தங்கியது. இரண்டும் மெய்யே. அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பதும் இதுவன்றோ! தீர்த்தங்கரரின் ஆயுளைக் கணக்கு மெய்ப்பிக்காது. அது நம் நம்பிக்கைக்கு உரியது. ஆயின் முன்னோர் வாய்க்கு வந்த எண்ணைக் கூறவில்லை, அளவை வகுத்துக் கூறினர் என்பதைக் கணக்கு காட்டும்.

இனிப் பிள்ளைகள் வினவும்போது அடக்காதீர்கள். தாளும் எழுதுகோலும் கொடுத்து, உடன் அமர்ந்து பெருக்குங்கள்.

வாழ்க அறம்! வளர்க அறிவு!