கல்யாணம் என்றால் நலம்



ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கல்யாணம்!

நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும். கன்னடத்தில் திருமணம் 'மதுவெ', தெலுங்கில் 'பெள்ளி'. ஆனால் மண்டபத்து போர்டில் மூன்று மொழியிலும் 'கல்யாண'தான்.

பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் 'கார்மிக கல்யாண மண்டளி' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். தொழிலாளர்களுக்குப் பெண் பார்த்துக் கொடுக்கிற இடம் இல்லைங்க, தொழிலாளர் நல வாரியம்!

வடமொழியில் 'கல்ய' என்றால் ஆரோக்கியமான என்று பொருள். அதிலிருந்து வந்த கல்யாணத்துக்கு நலம், மங்களம் என்று அர்த்தம். பெருமாளின் 'கல்யாண குணங்கள்' என்கிறோமே, அங்கே அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. திருமணத்துக்கு மணம், மன்றல், வதுவை என்ற சொற்கள் நம்மிடம் முன்பே உண்டு. மணம், மன்றல் இரண்டுக்கும் நறுமணம் என்ற பொருளும் சேர்ந்தே வரும். நாலடியாரிலேயே 'கல்யாணம்' திருமணப் பொருளில் வந்துவிட்டது. நலம் என்ற பெயரையே திருமணத்துக்குச் சூட்டி விட்டோம்.

சரி, பெயருக்கேற்ப நடக்கிறோமா?

2025 மார்ச்சில், அஞ்செட்டி மலைப்பகுதியில் கட்டாயத் திருமணம் செய்யப்பட்ட 14 வயதுச் சிறுமியைக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போகும் வீடியோவை நாடே பார்த்தது. போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது. 1929 சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1978ல் அது 18 ஆனது. 2006 சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. இஞ்சினியர்களுக்கு டாலரன்ஸ் தெரியும். இந்த 18க்கு மைனஸ் டாலரன்ஸே கிடையாது.

கர்நாடகத்தில் 'மக்கள கல்யாண சமிதி' என்று ஒன்று உண்டு. கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். நம்மூரில் அதற்குக் குழந்தைகள் நலக் குழு என்று பெயர். மீட்கப்படும் சிறுமிகளுக்குப் பாதுகாப்பு தருவது இந்தக் குழுதான். அந்தப் பெயரில் இருக்கும் கல்யாணம்தான் அசல் கல்யாணம்!

தம்பி தங்கைகளே, மலைக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கிறவர்கள் உங்களில் பலர். ஊரில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் 1098க்கு ஒரு போன் போடுங்கள். காசு கிடையாது. மொய் எழுதுவதைவிட அது பெரிய சீர்.