எண்ணால் பேசிய பல் வாத்தியார்

பல் மருத்துவ ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. உங்கள் தெருவில் பி.டி.எஸ். படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், ஜி.வி. பிளாக் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும். அவ்வளவு படிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

கிரீன் வார்டிமன் பிளாக் 1836-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலம் மிகக் குறைவு. பதினேழு வயதில், டாக்டராக இருந்த அண்ணனிடம் மருத்துவம் பழகப் போனார். பிறகு ஒரு பல் மருத்துவரிடம் சில மாதம் தொழில் கற்றார். அந்தக் காலத்தில் அதுவே போதும், போர்டு மாட்டிவிடலாம். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வேவுக்காரராகப் போய்த் திரும்பினார். முதல் மனைவி இளவயதிலேயே இறந்துபோனார். ஜாக்சன்வில் என்ற ஊரில் தொழிலை மறுபடி தொடங்கி, 1865-இல் எலிசபெத் டேவன்போர்ட்டை மணந்தார். வீட்டுக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போது என்னைக் கொஞ்சம் கருவிகள் பக்கம் போக விடுங்கள்.

பல் அடைக்கப் போனால் டாக்டர் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் வளைந்த மூக்குள்ள கருவிகள் பல கிடக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்து இவற்றை விற்றது. பிளாக் கைப்பிடியில் மூன்று எண்களைப் பொறிக்கச் சொன்னார். எடுத்துக்காட்டாக 10-7-14. முதல் எண் வெட்டும் அலகின் அகலம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். ஆக, ஒரு மில்லிமீட்டர். இரண்டாவது அலகின் நீளம், ஏழு மில்லிமீட்டர். மூன்றாவது, அலகு கைப்பிடியோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. முழு வட்டத்தை நூறாகப் பிரித்தால் அதில் பதினான்கு பங்கு. இந்த மூன்றையும் சொன்னால் சிகாகோவில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் ஒரே கருவியைத்தான் கையில் எடுப்பார்கள்.

நான் பாடம் நடத்தும் பல் மருத்துவத் துறையில் ஒரு அட்டெண்டர் இருந்தார். பள்ளிப் படிப்பு முடிக்காதவர். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் அவசரத்தில், “அண்ணே, அந்த வளைஞ்சதைக் குடுங்க” என்றான். அவர் நிமிரவே இல்லை. “இங்க எல்லாமே வளைஞ்சதுதான் தம்பி, நம்பரைச் சொல்லுங்க.” நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்தும் ஏறாதது அந்தப் பையனுக்கு அன்றைக்கு ஏறிவிட்டது.

நேயர்களே, நாக்கு நுனியால் உங்கள் கடைவாய்ப்பல்லின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் தாராளமாகச் செய்யலாம். சின்னச் சின்னப் பள்ளம் தட்டுப்படுகிறதா? அங்கே விழுவது முதல் வகைச் சொத்தை. அந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் ஒட்டுகிற இடுக்கில் வந்தால் இரண்டாம் வகை. முன்பல் இடுக்கில் மூன்றும் நான்கும். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் ஐந்தாம் வகை. உலகம் முழுக்க இன்றும் இதுதான் கணக்கு. பின்னால் வந்தவர்கள் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள், அவ்வளவே.

அடைக்கிற பொருளையும் அவர் சும்மா விடவில்லை. வெள்ளியும் வெள்ளீயமும் கலந்த தூளைப் பாதரசத்தில் குழைத்துப் பல்லில் வைப்பது அப்போதே இருந்த வழக்கம். ஆனால் சில கலவைகள் இறுகும்போது சுருங்கி இடைவெளி விட்டன, சில வீங்கின. இது நல்லது, அது நல்லது என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாக் நுண்ணிய அளவுகோல் வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். 1890-களின் நடுவில் சுருக்கமும் வீக்கமும் அடங்கிய ஒரு கலவை விகிதத்தை வெளியிட்டார். நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான வாய்களில் இருந்த வெள்ளி அடைப்புக்கு அதுதான் மூதாதை. கடிக்கிற விசையை அளக்கவும் ஒரு கருவி செய்தார். எதையும் ‘அனுபவத்தில் பார்த்தேன்’ என்று சொல்லி முடிக்கிற ஆளில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்து வெட்டி அடைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதை இன்றைக்கு நாங்கள் கடைப்பிடிப்பதில்லை. பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் வந்துவிட்டன, குறைவாக வெட்டினால் போதும். அதை வைத்து இளம் டாக்டர்கள் அவரைக் கேலி செய்வதுண்டு. வரும் தலைமுறை பல்லை அடைப்பதை விடச் சொத்தை வராமல் தடுக்கும் வேலையைத்தான் செய்யும் என்று 1890-களிலேயே மாணவர்களிடம் சொன்னவரும் இதே ஆள்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தடுப்பது என்றதும் கொலராடோ கதைக்கு வந்தாக வேண்டும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காப்பிக் கறை போலப் பழுப்புத் திட்டு. மெக்கே என்ற இளம் டாக்டர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பிளாக் அப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் டீன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்படியொரு குறை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று முதலில் நம்பவில்லை. 1909-இல் நேரிலேயே போனார். வாரக்கணக்கில் தங்கிப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தார், பல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். எனாமல் உருவாகும்போதே ஏற்படும் குறை என்பது தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கறை பிடித்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு! காரணம் பிடிபடும் முன்பே, 1915-இல் அவர் போய்விட்டார். குடிநீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார்.

இதே ஃபுளோரைடு கறையை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். தருமபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முகாம் போயிருந்தோம். சிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தாய், “செங்கல் பொடி வெச்சுக்கூடத் தேய்ச்சுப் பாத்துட்டேங்க, போக மாட்டேங்குது” என்றார். எப்படிப் போகும்? அது மேலே படிந்த அழுக்கில்லையே. பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள்ளேயே பதிந்துவிட்ட கறை.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். வீட்டுக் கதை பாக்கி இருக்கிறது. எலிசபெத்தின் குடும்பப் பெயரைத் தன் பெயரில் சுமந்த மகன் ஆர்தர் டேவன்போர்ட் பிளாக், அப்பாவின் பள்ளியிலேயே 1917 முதல் டீனாக இருந்தார், 1937-இல் இறக்கும் வரைக்கும். அப்பாவின் பெரிய பாடநூலைத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவந்ததும் அவர்தான். இன்னொரு மகன் கார்ல் மருத்துவர். தன் மனைவியோடு சேர்ந்து அப்பாவுக்கும் தம்பிக்குமாக ஒரே வாழ்க்கை வரலாறு எழுதினார், 1940-இல் வந்தது. வேறென்ன வேண்டும் ஒரு தகப்பனுக்கு! அந்தப் பள்ளி 2001-இல் மூடப்பட்டுவிட்டது. பிளாக்கின் சிலை மட்டும் சிகாகோவின் லிங்கன் பூங்காவில் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடுகளில் குழந்தைக்குக் குடிக்கவும் சோறாக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு கூடுதலாக உள்ள போர்வெல் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். எட்டு வயது வரைக்குமாவது இதைப் பார்த்துக்கொண்டால், அடுத்த முகாமில் உங்கள் பிள்ளை வாயைத் திறந்து சிரிக்கும் என்று நம்புகிறேன்.