நேர்முகப் பரீட்சையும் நெஞ்சப் படபடப்பும்

கொழும்பிலே ஒரு கந்தோரின் இரண்டாம் மாடி விறாந்தை. சுவரோரமாக ஒரு நீண்ட வாங்கு. அதிலே ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராது தத்தம் மடியிலுள்ள கோவையையே பார்த்தபடி இருக்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்திறங்கிய இளைஞன் ஒருவன், பிறப்பத்தாட்சிப் பத்திரம் உள்ளே இருக்கிறதா என்று ஐந்தாவது முறையாகத் திறந்து பார்க்கிறான். இருக்கிறது. நான்காவது முறை பார்த்தபோதும் இருந்ததுதான். கதவு திறக்கிறது, ஒருவர் வெளியே வருகிறார், வாங்கிலிருப்போர் அனைவரும் அவருடைய முகத்தைப் படிக்க முயல்கின்றனர். அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. அந்தக் கணத்திலே இளைஞனுக்கு நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நேற்றிரவு வரை நெஞ்சிலே நின்றவையெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கின்றன.

நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்த நேயர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. எழுத்துப் பரீட்சையிலே திறமையாகத் தேறியவர் பலர் இந்த வாசலிலே தளர்ந்துபோகின்றனர். இது புதிய நோயும் அன்று. வள்ளுவர் பொருட்பாலிலே அவையறிதலை அடுத்து அவையஞ்சாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். போர்க்களத்திலே உயிரைக் கொடுக்க முன்வருவோர் ஏராளம், கற்றோர் நடுவே கலங்காது பேச வல்லவரோ சிலரே என்னும் கருத்தை அங்கே காணலாம். உரோம நாட்டுப் பேரறிஞர் சிசரோ, நாவன்மை பற்றிக் கி.மு. 55 இல் எழுதிய நூலிலே, அக்காலத்துப் பெரும் பேச்சாளரான கிராசுஸ் என்பவரைக்கொண்டே, பேசத் தொடங்கும்போது தம் முகம் வெளிறி உடல் முழுவதும் நடுங்குவதுண்டு என்று சொல்லவைக்கிறார். ஆகவே விறாந்தை வாங்கிலிருக்கும் இளைஞன் நல்ல கூட்டத்திலேதான் இருக்கிறான்.

அவனோ இந்நடுக்கத்தைத் தன் கோழைத்தனத்துக்குச் சான்று என்று எண்ணிக்கொள்கிறான். உடற்றொழிலை ஆராய்ந்தோர் அவ்வாறு கூறுவதில்லை. அமெரிக்காவிலே ஹாவாட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் கனன் என்பவர் 1915 இல் வெளியிட்ட நூலொன்றில், அச்சமோ சினமோ தோன்றும்போது உடல் தன்னை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்கிறது என்பதை விரித்துரைத்தார். சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரு சுரப்பிகளிலிருந்து அதிரீனலின் என்னும் பொருள் இரத்தத்திலே கலக்கிறது. இதயம் விரைகிறது. ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. இரத்தம் தோலையும் குடலையும் விட்டுத் தசைகளை நாடிச் செல்கிறது. அதனாற் கை குளிர்கிறது, வயிறு என்னவோ செய்கிறது. வன்னிக் காட்டிலே கரடியை எதிர்ப்பட்டவனுக்கு இவையெல்லாம் உயிர்காக்கும் உதவிகள். அவன் ஓடலாம், அல்லது எதிர்த்து நிற்கலாம். மேசைக்கு அப்பால் வீற்றிருக்கும் மூன்று உத்தியோகத்தரிடமிருந்து ஓடவும் முடியாது, அவர்களோடு மல்லுக்கட்டவும் முடியாது. வந்த வலு செலவாக வழியின்றிக் கைவிரலிலும் குரலிலும் நின்று நடுங்குகிறது. அவ்வளவே.

ஆயினும் கரடியச்சத்துக்கும் இவ்வச்சத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கரடி அப்பாற் போனதும் அச்சமும் போய்விடும். இளைஞனோ மேசையில் இருப்பவர்களுக்கு அஞ்சுவதிலும் பார்க்க, திரும்பி வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதற்கே பெரிதும் அஞ்சுகிறான். அந்த அறைக்குள் அவன் தனியே நுழைவதில்லை. அவனைப் படிப்பிப்பதற்காக ஈடுவைத்த காணி கூடவே வருகிறது. தங்கையின் சீதனம் வருகிறது. “இந்த முறை எங்கள் பிள்ளைக்குச் சரி” என்று சங்கக்கடை வாசலிலே முன்கூட்டியே சொல்லிவிட்ட தகப்பனாரின் மானமும் வருகிறது. இத்தனையும் ஒரு நாற்காலியிலே வந்து அமர்ந்தால், “உமது பெயர் என்ன?” என்ற கேள்விக்கே நா எழாமற் போவதில் வியப்பென்ன?

ஆதலால் நேர்முகப் பரீட்சைக்கான ஆயத்தத்திலே ஒரு பங்கு வீட்டாருடையது. பரீட்சைக்கு முதல்நாள் மாலையிலே மாமன்மாரும் சிற்றப்பன்மாரும் ஒன்றுகூடி ஆளுக்கொரு புத்திமதி சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒருவர் நிமிர்ந்து இரு என்பார். மற்றவர் பணிவாக இரு என்பார். “இதைத் தவறவிட்டால் வேறு வழியில்லை” என்று மூன்றாமவர் முடிப்பார். அன்பினாற் சொல்வதுதான், ஆனால் கேட்பவனுக்கு அன்றிரவு உறக்கம் வராது. தாயார் நேர்த்தி வைப்பதிலே குறையொன்றுமில்லை. அதை மகன் படலையைத் திறந்து புறப்படும் வேளையிலே அவன் காதிற் போடுவதுதான் பாரம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதம் அடுப்பெரியும் என்று ஒருவர், யாராவது ஒருவர், வெளிப்படையாகச் சொல்லிவிடுவாராயின் பாதி நடுக்கம் அந்த முற்றத்திலேயே கழன்றுவிடும். சொல்வதற்கு இது இலகு. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டிலே இலகுவன்று. அந்த வீட்டிலேதான் இது மிகவும் வேண்டப்படுகிறது.

இனி, விண்ணப்பதாரியின் பங்கு. வள்ளுவர் அஞ்சாதே என்று மாத்திரம் சொல்லி நின்றுவிடவில்லை. அவையிலே மறுமொழி கொடுப்பதற்காகவே முறையறிந்து கற்கவேண்டும் என்று வழியும் காட்டினார். படிப்பது வேறு, மறுமொழி சொல்லப் பழகுவது வேறு. பலர் குறிப்புகளை மனத்துக்குள்ளே வாசித்துவிட்டு ஆயத்தமாகிவிட்டதாக எண்ணுகின்றனர். வாய் அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை செய்கிறது. அது தடுமாறாமல் என்ன செய்யும்? உம்மைப் பற்றிச் சொல்லும், இந்தப் பதவியை ஏன் நாடினீர், இத்திணைக்களம் செய்யும் பணி யாது, முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டீர் என்னும் கேள்விகள் அநேகமாக எல்லாச் சபைகளிலும் எழுவன. இவற்றுக்கு விடையை மனனஞ்செய்யலாகாது. மனனஞ்செய்தவன் ஒரு சொல் தவறினால் முழுவதையும் இழப்பான். சொல்லவேண்டிய மூன்று செய்திகளை மட்டும் மனத்திற்கொண்டு, நண்பன் ஒருவனை எதிரே இருத்தி, வாய்விட்டு, ஒவ்வொரு முறையும் வேறுவேறு சொற்களாற் சொல்லிப் பழகவேண்டும். நண்பன் இல்லாவிட்டால் கிணற்றடியும் போதும்.

சிறிய காரியங்களும் உண்டு. கந்தோர் எங்கே உள்ளது என்று முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டால், காலையிலே வழிதேடும் பதற்றம் இல்லை. பத்திரங்களைக் கேட்கக்கூடிய ஒழுங்கிலே அடுக்கி ஒருமுறை சரிபார்த்தபின் கோவையைத் திறவாதிருப்பது நன்று. வெறும் வயிற்றிலே இரண்டு கோப்பை கோப்பி அருந்திவிட்டுப் போகிறவன், ஏற்கனவே ஓடும் குதிரையைச் சவுக்கால் அடிக்கிறான்.

கவலையை அடக்கப் பார்ப்பதைவிட அதை வெளியே எடுத்துப் போடுவது மேல் என்பதற்கும் சான்று உண்டு. 2011 இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெராடோ றமிரெஸ், சியன் பெய்லொக் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரீட்சை தொடங்குமுன் பத்து நிமிடம் தம் அச்சங்களைத் தாளிலே எழுதிய மாணவர், பதற்றம் மிக்கவராயினும், எழுதாதவரைவிட நன்றாகச் செய்தனர் என்று அது கூறுகிறது. அஃது எழுத்துப் பரீட்சை பற்றியது. ஆயினும் வெள்ளவத்தையிலே உறவினர் வீட்டில் விடியற்காலை விழித்துக் கிடப்பவன் ஒரு தாளை எடுத்துப் பார்ப்பதால் நட்டமில்லை. 2014 இல் அலிசன் வூட் புறூக்ஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. மேடையேறுமுன் “அமைதியாயிருக்கிறேன்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவரைவிட, “உற்சாகமாயிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவரே நன்றாகப் பேசினர். நல்லூரிலே தேர் வடத்தைப் பிடிக்கக் காத்து நிற்பவனுக்கும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கிறது. அதை அவன் அச்சம் என்று அழைப்பதில்லை.

அறைக்குள்ளே போனபின் இளைஞனை வாட்டுவது இன்னொன்று: தன் நடுக்கம் எல்லாருக்கும் தெரிகிறது என்ற எண்ணம். இது பெரும்பாலும் தவறான கணக்கு. கெனத் சவிற்ஸ்கி, தோமஸ் கிலோவிச் என்னும் உளநூலார் இருவர் 2003 இல் வெளியிட்ட ஆய்விலே, பேச்சாளர் தாம் எவ்வளவு பதறுவதாகத் தோன்றுகிறது என்று கருதினரோ அவ்வளவு கேட்போர் கண்ணுக்குத் தோன்றவில்லை என்று கண்டனர். இவ்வுண்மையை முன்னரே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றையோரைவிட நன்றாகவும் பேசினர். நெஞ்சிடி இடிப்பவனுக்கு முரசொலி. மேசைக்கு அப்பால் அது கேட்பதேயில்லை. அங்கிருப்போர் காலை தொடங்கிப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக் களைத்தவர்கள். அடுத்த கேள்வி யாது, மதியபோசனம் எப்போது என்பவை அவர்களுடைய கவலைகள். கையிலே தாள் நடுங்கினால் மாத்திரம் கண்ணிற் படும். ஆகையால் தாளை மேசைமேல் வைத்துவிட வேண்டியதே.

மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. எனவே வாங்கிலே காத்திருக்கையில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி ஐந்தாறு முறை மூச்சுவிடுவது பயன் தரும். கேள்வி முடிந்தவுடன் பாய்ந்து விடை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று விநாடி மௌனம், சொல்பவனுக்கு ஒரு யுகம், கேட்பவருக்குச் சிந்தனை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அஞ்சுவோர் தெரிந்ததையும் குழப்பிவிடுகின்றனர்.

ஆங்கிலத்திலே கேட்கப்படும் கேள்வி பற்றித் தனியே ஒரு சொல். கிராமத்துப் பாடசாலையிலே தமிழிற் படித்துத் தேறியவனுடைய அச்சத்திலே பெரும்பகுதி இதுவே. அவன் தமிழிலே நினைத்து, அழகான ஆங்கில வாக்கியத்தை மனத்திலே கட்டி முடிக்குமுன், கேள்வி கேட்டவர் அடுத்ததற்குப் போய்விடுகிறார். அழகைக் கைவிட்டுச் சிறு வாக்கியங்களாலே பேசுவதுதான் இதற்கு வழி. கேள்வி விளங்காவிட்டால் மறுபடி சொல்லும்படி பணிவாகக் கேட்பதிலே இழுக்கில்லை; விளங்காத கேள்விக்கு விடை சொல்வதிலேதான் இழுக்கு. இக்காலத்திலே சில சபைகள் கணினித் திரையிலே கூடுகின்றன. அங்கே ஒரு மூலையிலே தன் முகமே தனக்குத் தோன்றுவதால், பேசுபவன் கேள்வியை விட்டுத் தன் புருவத்தைக் கவனிக்கத் தொடங்குகிறான். அந்தப் படத்தை மறைத்துவிடலாம்.

தன்னைக் கவனிப்பவனுக்கு நடுக்கம். பொருளைக் கவனிப்பவனுக்குப் பேச்சு. இதற்குக் காந்தியடிகளின் சுயசரிதையிலே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1891 இல் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய அவர், பம்பாயிலே சிறு வழக்கொன்றில் முப்பது ரூபா கூலி பெற்றுக் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார், கூலியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தை விட்டு விரைந்து வெளியேறினார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க எழுபத்தைந்து ரூபாச் சம்பளத்தில் ஆசிரியர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்கும் உற்சாகத்தோடு போனார். சர்வகலாசாலைப் பட்டம் இல்லை என்பதாற் பதவி கிடைக்கவில்லை. பேச்சு நன்றாக இருந்தாலும் வேறு காரணத்தாற் கதவு மூடுவதுண்டு என்பதையும் இதிலே காணலாம். பின் 1893 இல் தென்னாபிரிக்கா சென்று, பிரிட்டோரியாவிலே கூடிய இந்திய வணிகர் முன்னிலையிலே, வாணிகத்திலே வாய்மை வேண்டும் என்பது பற்றிப் பேசினார். தம் வாழ்விலே முதலாவது மேடைப்பேச்சு அதுவே என்கிறார். ஆள் அவரேதான். அன்றைக்குச் சொல்ல ஒரு பொருள் இருந்தது. அதை ஆயத்தம் செய்துகொண்டும் போனார்.

விறாந்தையிலிருந்த இளைஞன் கால் மணி நேரத்திலே வெளியே வந்துவிடுகிறான். காலி வீதியிலே பஸ் வண்டி பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதுதான், மூன்றாவது கேள்விக்கு உரிய விடை, சொல்லுக்குச் சொல் அவன் மனத்திலே வந்து நிற்கிறது. எல்லாருக்கும் அது அங்கேதான் வருகிறது. அதை நொந்துகொண்டு உறங்குவதைவிட, கேட்ட கேள்விகளையும் அந்த விடையையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. அடுத்த சபையிலும் அதே கேள்வி வரக்கூடும். வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று தொடங்குமுன், மத்தியானம் சாப்பிட்டானா என்று கேட்கலாம். பெரும்பாலும் சாப்பிட்டிருக்கமாட்டான்.